குறியாக்கிய பேக்கப் திறக்க மறுத்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

பலரும் கணக்கு வைத்திருக்கும் தொலைதூரச் சர்வர் ஒன்றில் இடம் வாங்கி, கோப்புகளை நம் கணினியிலேயே குறியாக்கம் செய்து (சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி), எஸ்எஸ்எச் (தொலைதூரக் கணினியில் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக அனுப்பி வைக்கிறோம். சர்வர் நிர்வாகிக்கும் பக்கத்துக் கணக்குக்காரருக்கும் தெரிவது பொருளற்ற பைட்டுகள் மட்டுமே. இந்த ஏற்பாடு பழுதாகும்போது உதவி கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் “குறியாக்கம் கெட்டுவிட்டது” என்றே தொடங்குவார்கள். குறியாக்கம் கெட்டு நான் பார்த்ததில்லை. சாவியை வைத்த இடம், சர்வரில் மிச்சமிருக்கும் இடம், இரவில் தானாக ஓடவேண்டிய வேலை, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும்.

உங்கள் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

## எதையும் தொடுவதற்கு முன்

நேரம் குறித்து ஓடும் பேக்கப் வேலையை நிறுத்துங்கள். அதில் பழைய பிரதிகளைக் கழிக்கும் கட்டளையும் சேர்ந்திருந்தால், நீங்கள் காரணம் தேடிக்கொண்டிருக்கும் நாட்களில் அது நல்ல பிரதிகளை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, பழுதான புதியவற்றை வைத்துக்கொள்ளும்.

அதே அடைவில் (ஃபோல்டரில்) புதிய களஞ்சியம், அதாவது பேக்கப் கருவி தன் பிரதிகளைச் சேர்த்து வைக்கும் இடம், தொடங்காதீர்கள். பழுதுபார்க்கும் கட்டளை எதையும் இப்போது ஓட்டாதீர்கள். பழைய கணினியைத் துடைத்து வேறொருவருக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள். சாவியின் கடைசிப் பிரதி அதில் இருக்கக்கூடும்.

அடுத்து, களஞ்சியத்தை இன்னமும் திறக்கிற கணினி ஏதாவது உண்டா என்று பாருங்கள். இருந்தால் கையோடு மாற்றுச் சாவி எடுத்துவிடுங்கள். ரெஸ்டிக், போர்க் இரண்டும் இங்கே அடிக்கடி வரும் பேக்கப் கருவிகள். ரெஸ்டிக்கில் ‘கீ ஆட்’ கட்டளை அதே களஞ்சியத்துக்கு இரண்டாவது கடவுச்சொல்லைச் சேர்க்கும். போர்க்கில் ‘கீ எக்ஸ்போர்ட்’ கட்டளை சாவியைத் தனிக் கோப்பாக எடுத்துத் தரும். காகிதத்தில் அச்சிட்டு வைத்து, பின்னால் திரும்பத் தட்டிக்கொள்ளும் வடிவமும் அதில் உண்டு. அந்தச் சாவியும் கடவுச்சொல்லால் பூட்டியே இருக்கும் என்பதால் இரண்டும் கைவசம் வேண்டும்.

கடவுச்சொல் மறந்துபோய், இரவு வேலை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கணினி கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. வேலை தானாக ஓடுகிறதென்றால் கடவுச்சொல் அந்தக் கணினியில் ஒரு கோப்பிலோ, கட்டளைகளை வரிசையாக எழுதிய ஸ்கிரிப்டிலோ, நிரல்கள் படிக்கும் சூழல் மாறியிலோ எழுதப்பட்டிருக்கிறது. கண்டுபிடித்து, அந்தக் கணினிக்கும் சர்வருக்கும் வெளியே மூன்றாவது இடத்தில் எழுதி வையுங்கள். பேக்கப்பின் சாவியை பேக்கப்புக்குள்ளேயே வைத்திருப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். கணினி போன அன்று அவர்களிடம் மிஞ்சுவது திறக்க முடியாத பெட்டி மட்டுமே.

## அறிகுறி: “கடவுச்சொல் தவறு”

### சரியான களஞ்சியம்தானா?

செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குவோம். சர்வரில் சோதனைக்காகத் தொடங்கிய பழைய களஞ்சியம் பக்கத்திலேயே இருக்கும். பாதையில் ஓர் எழுத்து மாறினால் அதைத்தான் திறக்கப் பார்ப்பீர்கள். பாதையை ஒருமுறை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

ரெஸ்டிக்கின் பிழைச் செய்தி, கடவுச்சொல் தவறாக இருந்தாலும் சாவிக்கோப்பே காணாமல் போயிருந்தாலும் ஒன்றேதான். அதனால் சர்வரில் நுழைந்து களஞ்சியத்தில் உள்ள ‘கீஸ்’ அடைவைப் பாருங்கள். காலியாக இருந்தாலோ, உள்ளே இருக்கும் கோப்பின் அளவு பூஜ்யமாக இருந்தாலோ கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பயனில்லை. சர்வர் நிர்வாகி தன் பங்குக்கு ஏதாவது பிரதி எடுத்து வைத்திருக்கிறாரா என்று உடனே கேளுங்கள். அந்த ஒரு சிறு கோப்பு கிடைத்தால் போதும்.

போர்க்கில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் சாவி களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கும். மற்றதில் சாவி உங்கள் கணினியின் வீட்டு அடைவில் இருக்கும். புதிய கணினிக்கு மாறினால் கூடவே வராது. இரண்டாம் வகை என்றால் கடவுச்சொல் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தக் கோப்பில்லாமல் கதவு திறக்காது.

### தட்டுவதில் பிழையா?

கேப்ஸ் லாக், விசைப்பலகை மொழி, ஒட்டும்போது பின்னால் சேர்ந்துகொண்ட இடைவெளி, எழுத்துச் செயலி நேர்க் கோடுகளை வளைத்து மாற்றிய மேற்கோள் குறி, இவை நான்கும் வழக்கமானவை. கடவுச்சொல்லை வெறும் உரைக் கோப்பில் கண்ணுக்குத் தெரியும்படி ஒட்டிப் பார்த்தால் பாதி விடுபடும்.

இதையும் தாண்டி நிற்பது டாலர் குறி. ஸ்கிரிப்டில் கடவுச்சொல்லை இரட்டை மேற்கோளுக்குள் “கடல்$5மணி” என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல் அந்த டாலர் ஐந்தைத் தனக்கு வந்த ஐந்தாவது உள்ளீடு என்று எடுத்துக்கொள்ளும். அப்படி எதுவும் இல்லாததால் அந்த இடம் வெறுமையாகும். களஞ்சியம் உருவான அன்று அதற்குப் போய்ச் சேர்ந்த கடவுச்சொல் “கடல்மணி” மட்டுமே. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு இரவும் அதே தவற்றை அதே மாதிரி செய்வதால் வேலை ஓடிக்கொண்டே இருக்கும். நெருக்கடி வரும் நாளில் நீங்கள் கையால் முழுமையாகத் தட்டும்போதுதான் மறுக்கும். கடவுச்சொல்லில் டாலர் இருந்தால் அந்தக் குறியையும் அதை ஒட்டி வரும் இலக்கத்தையோ ஆங்கிலச் சொல்லையோ, பின்சாய்வுக்கோடு இருந்தால் அந்தக் குறியை மட்டும், பின் மேற்கோள்கள் இருந்தால் அவற்றையும் நடுவில் உள்ளதையும் விட்டுவிட்டு ஒருமுறை முயன்று பாருங்கள். இனிமேல் ஒற்றை மேற்கோள் பயன்படுத்துங்கள், அல்லது கடவுச்சொல்லைத் தனிக் கோப்பில் வைத்து அந்தக் கோப்பைக் காட்டுங்கள்.

### கடவுச்சொல் தமிழ் எழுத்தில் உள்ளதா?

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தால் 6 பைட். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தால் 9 பைட். கோ, கௌ வரிசைகளிலும் இதே நிலைமை. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் மென்பொருள் பைட்டுகளை மட்டுமே பார்க்கிறது. அதற்கு இவை இரண்டு வேறு கடவுச்சொற்கள்.

தட்டச்சு மென்பொருள் மாறியதிலிருந்து திறக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன்மேல் விழ வேண்டும். கடவுச்சொல்லைப் பதினாறடிமான (ஹெக்ஸ்) வடிவில் காட்டும் கருவியில் கொடுத்து, பைட் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒகர, ஓகார, ஔகார எழுத்து ஒவ்வொன்றையும் மற்ற வடிவத்துக்கு மாற்றி முயலுங்கள். இத்தகைய எழுத்துகள் இரண்டு இருந்தால் நான்கு சேர்க்கைகள்; பொறுமையாகச் செய்துவிடலாம். போர்க் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறது: ஆங்கில எழுத்துக்கு வெளியே கடவுச்சொல் வைத்தால் அதன் பதினாறடிமான வடிவத்தைக் காட்டி, அதையும் பத்திரப்படுத்தச் சொல்லும். அந்தச் செய்தியைத் தாண்டிப் போகாதீர்கள்.

### ஓப்பன்எஸ்எஸ்எல் கொண்டு பூட்டிய பழைய கோப்பா?

கடவுச்சொல் சரி, கோப்பும் முழுமை, ஆனாலும் மறைநீக்கம் (பூட்டியதைத் திறப்பது) தோற்றது என்று வருகிறதா? கட்டளை வரியில் கோப்புகளைப் பூட்டப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.1.0 பதிப்பு 2016இல் வந்தபோது, கடவுச்சொல்லிலிருந்து சாவியை உருவாக்கும் இயல்பான முறை எம்டி5இலிருந்து எஸ்எச்ஏ-256க்கு மாறியது. அதற்கு முன் பூட்டியதைப் புதிய பதிப்பில் திறக்க, எம்டி5 முறையைக் கட்டளையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பிபிகேடிஎஃப்2 (கடவுச்சொல்லைப் பல சுற்றுகள் கலக்கிச் சாவி செய்யும் முறை) விருப்பத்தோடு பூட்டியிருந்தால் திறக்கும்போதும் அதே விருப்பமும் அதே சுற்று எண்ணிக்கையும் வேண்டும். திறந்த கையோடு வேறு கருவிக்கு மாற்றிவிடுங்கள்: அந்தக் கட்டளை கோப்பு இடையில் மாற்றப்பட்டதா என்று சரிபார்ப்பதே இல்லை. பிறர் கைபடும் சர்வரில் வைப்பதற்கு அது ஏற்றதல்ல.

### எங்கே நிறுத்துவது

இவை எல்லாம் பார்த்தும் திறக்கவில்லை என்றால் மூன்று நிலைமைகள் உண்டு. சாவிக்கோப்பு செத்துப்போன வட்டில் இருக்கிறது என்றால் தரவு மீட்பு வல்லுநரிடம் போங்கள். வட்டு டக்டக்கென்று ஒலி எழுப்பினால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் போங்கள், இன்னொரு முறை ஓட்டிப் பார்க்காதீர்கள். கடவுச்சொல்லில் பெரும்பகுதி நினைவிருந்தால், மிச்சத்தை முறையாக ஊகித்துப் பார்க்கும் ஒருவரை அணுகலாம். ரெஸ்டிக் எஸ்கிரிப்ட் முறையால் ஒவ்வோர் ஊகத்தையும் வேண்டுமென்றே மெதுவாக்கி வைத்திருப்பதால் ஊகங்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தால்தான் நம்பிக்கை வைக்கலாம். சாவியும் இல்லை, நினைவும் இல்லை என்றால் ஏஇஎஸ்-256 குறியாக்கத்தை உடைத்துத் தருகிறேன் என்று சொல்லும் எவருக்கும் பணம் கொடுக்காதீர்கள். யாராலும் முடியாது.

## அறிகுறி: கையால் ஓட்டினால் ஓடுகிறது, இரவில் தானாக ஓடவில்லை

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் உங்கள் உள்நுழைவுச் சூழலில் ஓடுவதில்லை. கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான ‘பாத்’ அங்கே குறுகலாக இருக்கும். உங்கள் ஷெல் அமைப்புக் கோப்பில் நீங்கள் வைத்திருக்கும் கடவுச்சொல்லும் அதற்குத் தெரியாது. ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே முழுப்பாதைகளையும் கடவுச்சொல் கோப்பின் இடத்தையும் எழுதிவிடுங்கள்.

கிரான் அட்டவணை வரியில் தேதியைக் கோப்புப் பெயரில் சேர்க்கச் சதவீதக் குறி போட்டிருக்கிறீர்களா? அங்கே சதவீதக் குறிக்குப் பொருள் வேறு. அதைக் கண்ட இடத்தில் கட்டளை முடிந்துவிட்டதாகக் கிரான் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கட்டளைக்கு உள்ளீடாகக் கொடுத்துவிடும். முன்னால் பின்சாய்வுக்கோடு போடுங்கள், அல்லது முழு வேலையையும் ஸ்கிரிப்டுக்குள் நகர்த்துங்கள்.

எஸ்எஸ்எச் சாவிக்குக் கடவுச்சொல் இருந்தால் இரவில் அதைத் தட்ட ஆளில்லை. பேக்கப்புக்கென்றே தனி எஸ்எஸ்எச் சாவி உருவாக்குங்கள். சர்வரில் அந்தச் சாவி ஒரே ஒரு கட்டளையை மட்டும் ஓட்டும்படி கட்டுப்படுத்துங்கள். சாவியைச் சர்வர் ஏற்கவே இல்லை என்றால் உரிமைகளைப் பாருங்கள்: வீட்டு அடைவைக் குழுவினர் எழுதும்படி விட்டிருந்தால் எஸ்எஸ்எச் அதை நம்ப மறுக்கும். எஸ்எஸ்எச் அடைவுக்கு 700 (உங்களுக்கு மட்டும் முழு உரிமை), அனுமதிச் சாவிப் பட்டியலுக்கு 600 (உங்களுக்கு மட்டும் படிக்க, எழுத உரிமை). கோப்புகளை ஒப்பிட்டு மாறியதை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க், நெறிமுறைப் பதிப்பு பொருந்தவில்லை என்று புலம்பினால், சர்வரில் உள்ள ஷெல் அமைப்புக் கோப்பு வரவேற்பு வாசகம் ஏதோ அச்சிடுகிறது, அதை எடுத்துவிடுங்கள்.

கோப்புகளைப் பூட்டும் ஜிபிஜி கருவியைப் பயன்படுத்துபவர்களுக்குத் தனிக் கதை. முனையம் (கட்டளை தட்டும் திரை) இல்லாததால் கடவுச்சொல் கேட்கும் பெட்டியைத் திறக்க முடியாமல், சாதனத்துக்குப் பொருந்தாத செயல் என்று சொல்லிவிட்டு நிற்கும். இதைச் சுற்றி வளைத்துச் சரிசெய்வதைவிட, பொதுச்சாவிக்குக் குறியாக்கம் செய்யும் முறைக்கு (பூட்டப் பொதுச்சாவி, திறக்கத் தனிச்சாவி) மாறுங்கள். பேக்கப் எடுக்கும் கணினிக்குப் பொதுச்சாவி மட்டும் போதும்; தனிச்சாவி அங்கே இருக்கவே வேண்டாம். பல மாதம் நன்றாக ஓடிவிட்டு ஒரு நாள் சட்டென்று நின்றால் சாவி காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். காலாவதியான சாவிக்குக் குறியாக்கம் செய்ய ஜிபிஜி மறுக்கும். பழையவற்றைத் திறப்பதற்குத் தடையில்லை, அதனால் பதற வேண்டாம். காலாவதித் தேதியை நீட்டி, பொதுச்சாவியை மீண்டும் அந்தக் கணினிக்கு அனுப்புங்கள்.

இன்னும் மோசமானது, எந்தப் பிழையும் வராமல் பொய்யாக வெற்றி சொல்வது. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளையின் வெளியீட்டைக் குழாய் வழியாக ஜிபிஜிக்கு அனுப்பும்போது, டார் பாதியில் செத்தாலும் கடைசியில் நிற்கும் ஜிபிஜி தனக்கு வந்ததை நல்லபடியாகப் பூட்டிவிட்டு வெற்றி என்று திரும்பும். சர்வரில் தேதி வாரியாகக் கோப்புகள் அழகாக அடுக்கப்பட்டிருக்கும். அளவைப் பார்த்தால் சில நூறு பைட்டுகள். ஸ்கிரிப்டின் முதல் வரிகளில், குழாயில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் ‘பைப்ஃபெயில்’ அமைப்பைச் சேர்த்து, முடிவில் கோப்பின் அளவை முந்தைய நாளோடு ஒப்பிடும் சோதனை ஒன்றையும் வையுங்கள்.

எந்த நிலையிலும் கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதி வேலையை முடிக்காதீர்கள். ஓடும் கட்டளைகளின் பட்டியலைப் பொதுவாக அதே இயந்திரத்தில் உள்ள எல்லாப் பயனரும் பார்க்க முடியும். பலர் பகிரும் சர்வரில் அது கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி வைத்ததற்குச் சமம்.

## அறிகுறி: களஞ்சியம் பூட்டப்பட்டிருக்கிறது

இந்தப் பூட்டு குறியாக்கம் அல்ல; இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் களஞ்சியத்தில் மோதாமல் இருக்கக் கருவி வைக்கும் அடையாளம். முந்தைய வேலை பாதியில் அறுந்ததே பெரும்பாலும் காரணம். பூட்டில் எந்தக் கணினி, எந்தச் செயல்முறை எண் என்று எழுதியிருக்கும். அந்தக் கணினிக்குப் போய், உண்மையிலேயே எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு ரெஸ்டிக்கில் ‘அன்லாக்’. அது செத்துப்போன பூட்டுகளை மட்டுமே எடுக்கும். போர்க்கின் ‘பிரேக்-லாக்’ அவ்வளவு எச்சரிக்கையானதல்ல, கேட்டால் உடைத்துவிடும். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது பூட்டை உடைத்தால் களஞ்சியமே சேதமாகலாம்.

தினமும் காலையில் பூட்டு நிற்கிறதென்றால் இரண்டு கணினிகளின் நேரம் மோதுகிறது, அல்லது இணைப்பு அறுகிறது. நேரத்தைத் தள்ளி வையுங்கள்.

## அறிகுறி: சர்வரில் கோப்புகள் குவிந்திருக்கின்றன, பட்டியல் காலி

தொலைதூரச் சேமிப்புக்குக் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்குளோன் கருவியின் குறியாக்க அடுக்கில் இது அடிக்கடி வரும். கோப்புப் பெயர்களும் குறியாக்கப்பட்டிருப்பதால், கடவுச்சொல் தவறென்றால் பெயர்களையே படிக்க முடியாது. படிக்க முடியாதவற்றை அது ஒதுக்கிவிட்டு வெறும் பட்டியலைக் காட்டும். விரிவான பதிவை இயக்கிப் பார்த்தால் மறைநீக்க முடியாத பெயர்களைத் தாண்டுகிறேன் என்று வரிவரியாக வரும்.

எச்சரிக்கை ஒன்று: இந்த நிலையில் ‘சிங்க்’ கட்டளையை ஓட்டாதீர்கள். சர்வரிலிருந்து கணினிக்கு ஓட்டினால், மூலம் காலி என்று எண்ணி உங்கள் கணினியில் உள்ளவற்றை அழித்துவிடும். எதிர்த்திசையில் ஓட்டினால் எல்லாவற்றையும் புதிய சாவியில் இரண்டாம் முறை ஏற்றி இடத்தை நிரப்பும்.

பார்க்க வேண்டியவை: பாதை ஒரு படி மேலே காட்டுகிறதா? இரண்டாவது கடவுச்சொல் என்று கேட்கப்படும் உப்பு (சாவியை உருவாக்கும்போது கூடச் சேரும் சொல்) விடுபட்டதா? உப்பை மறந்தவர்களே அதிகம். முதல் கடவுச்சொல் சரியாக இருந்தாலும் உப்பு இல்லாமல் சாவி வேறாகிவிடும். பெயர்க் குறியாக்க முறை பழைய அமைப்பில் இருந்ததுதானா? பழைய கணினியின் அமைப்புக் கோப்பு கிடைத்தால் அப்படியே நகலெடுத்துவிடுங்கள், எல்லாம் அதிலேயே இருக்கிறது. அந்தக் கோப்பில் கடவுச்சொற்கள் உருமாற்றி மட்டுமே வைக்கப்பட்டிருக்கின்றன, பூட்டப்படவில்லை. ஆகவே அது யார் கையிலும் சிக்கக்கூடாது. அமைப்புக் கோப்புக்கே கடவுச்சொல் போடும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

அடைவு ஒன்றைக் கோப்பு கோப்பாகப் பூட்டி வைக்கும் கோகிரிப்ட்எஃப்எஸ் போன்றவற்றில், சாவியைச் சுமக்கும் அமைப்புக் கோப்பும் அடைவுகளுக்கான சிறு துணைக்கோப்புகளும் தரவோடு சேர்ந்தே இருக்கின்றன. ‘மறைகோப்புகளைத் தவிர்’, ‘குறிப்பிட்ட வகைக் கோப்புகள் மட்டும்’ என்ற வடிகட்டியோடு நகலெடுத்தவர்கள் இவற்றை விட்டுவிட வாய்ப்புண்டு. அமைப்புக் கோப்பு போயிருந்தால், தொடங்கிய அன்று திரையில் காட்டிய முதன்மைச் சாவி மட்டுமே வழி.

## அறிகுறி: ஒவ்வோர் இரவும் முழு அளவும் ஏறுகிறது, இடம் தீர்ந்துவிட்டது

முதலில் பிரித்துப் பாருங்கள்: முழுவதும் படிக்கிறதா, முழுவதும் ஏற்றுகிறதா? கணினியின் பெயரோ அடைவின் பாதையோ மாறினால் ரெஸ்டிக் முந்தைய ஸ்னாப்ஷாட்டை (ஒருமுறை எடுத்த பேக்கப்பின் பதிவை) அடையாளம் காணாமல் எல்லாக் கோப்பையும் மீண்டும் படிக்கும்; ஆனால் சர்வரில் ஏற்கெனவே உள்ள துண்டுகளை ஏற்றாது. அது நேரச் செலவு மட்டுமே.

உண்மையிலேயே ஏற்றுகிறதென்றால், டார் எடுத்து ஜிபிஜியால் பூட்டி ஆர்சிங்க் செய்கிறீர்களா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஜிபிஜி புதிய அமர்வுச் சாவியை உருவாக்குவதால், உள்ளே ஓர் எழுத்துகூட மாறாவிட்டாலும் வெளியே முழுக் கோப்பும் மாறிவிடும். ஆர்சிங்க் ஒப்பிட்டுக் கழிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. துண்டாக்கிய பின் பூட்டும் ரெஸ்டிக், போர்க் போன்றவற்றுக்கு மாறுவதுதான் தீர்வு. ஏற்கெனவே அவற்றில் இருப்பவர்கள், தரவுத்தளத்தைச் சுருக்கிய கோப்பாகக் கொடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சுருக்காமல் கொடுங்கள், சுருக்குவதைக் கருவி பூட்டுவதற்கு முன் தானே செய்யட்டும்.

இடம் முழுதும் தீர்ந்த நிலையில், கழிக்கும் வேலைக்கே கொஞ்சம் இடம் வேண்டும். ரெஸ்டிக்கின் ‘ப்ரூன்’ கட்டளையில் மறுபொதிவு அளவைப் பூஜ்யமாக வைத்தால், முழுதும் பயனற்ற பொதிகளை (பல துண்டுகள் அடங்கிய தரவுக் கோப்புகளை) மட்டும் நீக்கும். முதல் மூச்சுக்கு அது போதும். போர்க்கில் 1.2 பதிப்பிலிருந்து அழித்தால் மட்டும் இடம் விடுபடாது, ‘காம்பாக்ட்’ ஓட்ட வேண்டும்.

பழைய தேதியுள்ள தரவுக் கோப்புகளைச் சர்வரில் கையால் அழிப்பதை மட்டும் செய்யாதீர்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய பொதியில்தான் இன்றைய ஸ்னாப்ஷாட்டின் பாதித் துண்டுகள் இருக்கும். அதைவிட, சில நாட்களுக்கு மட்டும் ஒதுக்கீட்டை உயர்த்தித் தரச் சொல்லி நிர்வாகியைக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்துவிடுவார்கள்.

## அறிகுறி: சரிபார்ப்பு “சேதம்” என்கிறது

ரெஸ்டிக்கின் ‘செக்’ இயல்பாகக் கட்டமைப்பை மட்டுமே பார்க்கும். தரவையும் படித்துப் பார்க்கத் தனி விருப்பம் உண்டு. பெரிய களஞ்சியத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று பிரித்தும் படிக்கலாம். சேதம் என்று வந்தவுடன் அதே சோதனையை உள்ளூர்த் தற்காலிகச் சேமிப்பைத் தவிர்த்து இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டாம் முறை வேறு கோப்பைக் குற்றம் சொன்னால் சந்தேகம் உங்கள் பக்கத்து நினைவகத்தின் மேலோ இணைப்பின் மேலோ திரும்ப வேண்டும்.

இரண்டு முறையும் ஒரே கோப்பு என்றால், மிக எளிய, சாவியே தேவைப்படாத சோதனை ஒன்று இருக்கிறது. ரெஸ்டிக் களஞ்சியத்தின் தரவு அடைவில் உள்ள ஒவ்வொரு கோப்பின் பெயரும் அதன் உள்ளடக்கத்தின் எஸ்எச்ஏ-256 மதிப்பேதான் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி). சர்வரில் நுழைந்து, குற்றம் சாட்டப்பட்ட கோப்புக்கு அந்த மதிப்பைக் கணக்கிடுங்கள். திரையில் 64 எழுத்துகள் வரும். பக்கத்திலேயே கோப்பின் பெயர் இருக்கும். இரண்டும் ஒன்றா என்று பார்த்தால் போதும்.

### மதிப்பு பொருந்தவில்லை

கோப்பின் அளவு மற்றவற்றைவிட மிகக் குறைவா? ஏற்றம் பாதியில் அறுந்திருக்கிறது. அன்று ஒதுக்கீடு தீர்ந்ததா என்று பாருங்கள். அளவு சரியாக இருந்து மதிப்பு மட்டும் மாறியிருந்தால் சர்வரின் வட்டு கோப்பைக் கெடுத்திருக்கலாம், அல்லது யாரோ தொட்டிருக்கலாம். களஞ்சியம் முழுவதற்கும் இதே சோதனையைச் சர்வரிலேயே ஓட்டி, எத்தனை கோப்புகள் பொருந்தவில்லை என்று பட்டியல் எடுத்து நிர்வாகியிடம் கொடுங்கள். வெறும் புகாருக்குக் கிடைக்காத கவனம் பட்டியலுக்குக் கிடைக்கும்.

### மதிப்பு பொருந்துகிறது, ஆனாலும் திறக்கவில்லை

சர்வரின்மேல் குற்றமில்லை. கோப்பு அனுப்பப்படுவதற்கு முன்பே கெட்டிருக்கிறது, அல்லது இப்போது இறக்கும் கணினி கெடுக்கிறது. வேறொரு கணினியிலிருந்து அதே சோதனையை ஓட்டுங்கள். அங்கே சரியாக இருந்தால் முதல் கணினியின் நினைவகத்தை இரவு முழுவதும் சோதனைக்கு விடுங்கள். பழுதான நினைவகத்தோடு பழுதுபார்க்கும் கட்டளை ஓட்டினால் இருப்பதும் கெடும்.

### சரிசெய்யும் வரிசை

முதலில் களஞ்சியத்தை முழுதாக நகலெடுங்கள். இடமில்லை என்றால் அட்டவணை, ஸ்னாப்ஷாட், சாவி அடைவுகளையும் ‘கான்ஃபிக்’ கோப்பையும் சேதமான பொதிகளையும் மட்டுமாவது எடுங்கள். பிறகு அட்டவணையைச் சீரமைக்கும் கட்டளை. அதன்பின் வழக்கமான பேக்கப்பை, மாறாத கோப்புகளையும் கட்டாயமாகப் படிக்கச் சொல்லி ஒருமுறை ஓட்டுங்கள்: மூலக் கோப்பு இன்னும் உங்களிடம் இருந்தால், தொலைந்த துண்டை அது மீண்டும் ஏற்றி, பழைய ஸ்னாப்ஷாட்டுகளையும் சேர்த்துக் குணமாக்கிவிடும். அப்படியும் மிஞ்சியவற்றுக்கு மட்டும் ஸ்னாப்ஷாட்டைச் சீரமைக்கும் கட்டளை. அது சேதமான கோப்புகளை ஸ்னாப்ஷாட்டிலிருந்து கழித்துவிடும் என்பதால் கடைசியில் வருகிறது.

ஜிபிஜியால் பூட்டிய ஒற்றைப் பெரிய கோப்பில் நடுவில் சேதம் என்றால் அதற்குப் பின்னால் உள்ளது பெரும்பாலும் போய்விடும். முந்தையதிலிருந்து மாறியதை மட்டும் சங்கிலியாக எடுத்து வைக்கும் டூப்ளிசிட்டி கருவியில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்கு அடுத்தவையும் பாதிக்கப்படும். இடையிடையே முழுப் பேக்கப் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இருக்கும் ஒரே பிரதி இதுதான், மூலமும் போய்விட்டது என்றால் நீங்களாக எதையும் ஓட்டாமல் சேமிப்பக மீட்பு வல்லுநரை அழையுங்கள். சர்வர் வட்டிலிருந்து கோப்புகளை மீட்டெடுக்க அவருக்கு உங்கள் கடவுச்சொல் தேவையில்லை. கேட்டால் கொடுக்காதீர்கள்.

## அறிகுறி: சர்வரின் அடையாளம் மாறிவிட்டது என்று எச்சரிக்கை

எஸ்எஸ்எச் பெரிய எழுத்தில் எச்சரித்தால், சர்வரின் பழைய அடையாளம் தங்கள் கணினியில் பதிந்திருக்கும் வரியை அழித்துவிட்டுத் தொடர்வதுதான் பலரும் செய்வது. சர்வரை மாற்றியிருக்கலாம், மீண்டும் நிறுவியிருக்கலாம். நடுவில் ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருக்கவும் கூடும். புதிய கைரேகையை (சர்வரின் அடையாளச் சாவியைச் சுருக்கிக் காட்டும் குறியை) நிர்வாகியிடம் தொலைபேசி போன்ற வேறு வழியில் கேட்டு ஒப்பிட்ட பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.

போர்க்கில் இன்னொரு வகை உண்டு: உள்ளூர்ப் பதிவைவிடக் களஞ்சியம் பழையதாக இருக்கிறது, இது தாக்குதலாக இருக்கலாம் என்று நின்றுவிடும். நிர்வாகி சர்வரைப் பழைய பிரதியிலிருந்து மீட்டாரா என்று கேளுங்கள். ஆம் என்றால் அந்தக் களஞ்சியத்தைப் படிக்க மட்டும் வைத்துக்கொண்டு புதியதைத் தொடங்குவதே பாதுகாப்பு. இல்லை என்றால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

## அறிகுறி: வேறு யாரோ நுழைந்திருக்கலாம், பிரதிகள் காணவில்லை

களஞ்சிய அடைவின் உரிமை பிறர் படிக்கும்படி இருந்ததா என்று முதலில் பாருங்கள். பூட்டியிருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம்: சாவிக்கோப்பு களஞ்சியத்தோடு இருப்பதால், அதை நகலெடுத்தவர் தன் வீட்டில் உட்கார்ந்து உங்கள் கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டே இருக்கலாம். அடைவுக்கு 700 போடுங்கள். கடவுச்சொல் சிறியதாக இருந்தால் வெளியே போய்விட்டதாகவே கொள்ளுங்கள்.

கடவுச்சொல்லை மட்டும் மாற்றுவது இங்கே உதவாது. கடவுச்சொல் பூட்டுவது முதன்மைச் சாவியை. தரவைப் பூட்டுவது அந்த முதன்மைச் சாவி, அது மாறுவதில்லை. பழைய சாவிக்கோப்பும் பழைய கடவுச்சொல்லும் கையில் உள்ளவர் நாளையும் திறப்பார். புதிய கடவுச்சொல்லோடு புதிய களஞ்சியம் தொடங்கி, ரெஸ்டிக்கின் ‘காப்பி’ கட்டளையால் ஸ்னாப்ஷாட்டுகளை நகர்த்துங்கள். அவர் ஏற்கெனவே நகலெடுத்துக்கொண்டு போனதை இதனால் திரும்பப் பெற முடியாது என்பதால், உள்ளே இருந்த கடவுச்சொற்களையும் சாவிகளையும் மாற்றுவதும் சேர்ந்ததே.

பிரதிகள் அழிக்கப்பட்டிருந்தால் நினைவில் வையுங்கள்: குறியாக்கம் படிப்பதைத் தடுக்கும், அழிப்பதைத் தடுக்காது. உங்கள் கணினியைப் பிடித்தவர் அதில் உள்ள எஸ்எஸ்எச் சாவியால் சர்வரையும் துடைக்கலாம். சேர்க்க மட்டும் அனுமதிக்கும் முறையைச் சர்வர் பக்கம் கட்டாயமாக்க முடியுமா என்று நிர்வாகியிடம் கேளுங்கள். போர்க்கின் ‘சர்வ்’ கட்டளையிலும் ரெஸ்டிக்கின் தனிச் சர்வரிலும் அந்த வசதி இருக்கிறது. பிறருடைய தரவு உங்கள் பொறுப்பில் இருந்தால் இந்த இடத்தில் பாதுகாப்பு வல்லுநரை அழைத்துவிடுங்கள்; அவர் வரும்வரை பதிவுக் கோப்புகளைத் தொடாதீர்கள், கணினியை வலையிலிருந்து மட்டும் பிரித்து வையுங்கள்.

போர்க்கில் சேர்ப்பு மட்டும் முறையை ஏற்கெனவே போட்டிருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அழிப்புக் கட்டளை வெற்றி பெற்றதாகவே காட்டும், பட்டியலிலும் பிரதிகள் மறைந்திருக்கும். ஆனால் பழைய பரிவர்த்தனைகள் (ஒவ்வொரு முறை எழுதியதன் பதிவுகள்) சர்வரில் அப்படியே இருக்கின்றன, பின்னுக்குப் போகலாம். முழு உரிமையுள்ள வேறு கணினியிலிருந்து யாராவது எழுதும் கட்டளையோ ‘காம்பாக்ட்’டோ ஓட்டினால் அந்த வாய்ப்பு போய்விடும். ஆகவே எல்லாக் கணினியிலும் நேரம் குறித்த வேலைகளை நிறுத்தி, பரிவர்த்தனைப் பதிவில் தாக்குதலுக்கு முந்தைய எண்ணைக் கண்டுபிடித்து, களஞ்சியத்தின் நகலில் முதலில் பின்னுக்குப் போய்ப் பாருங்கள். நகலிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டு, திறந்து, உள்ளே இருப்பதைப் படித்த பிறகே அசலில் கை வையுங்கள்.